உடைந்த ஓடு, மூடிய பாலிப்: ஒரு பவளத்தொட்டியின் நிகழ்வு ஆய்வு

இது நண்பர் ஒருவருடைய தொட்டியில் நடந்தது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பாறையோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும் உயிரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவை, கெட்டவை என்று இரண்டு பட்டியல் கொடுப்பார்கள். பட்டியல் தேவைதான். ஆனால் தொட்டியில் ஏதோ சாக ஆரம்பித்த பிறகு அதை எடுத்து வைத்துக்கொண்டு தேடினால், முதலில் கண்ணில் படுகிற உயிரியின் மேல் பழி விழுந்துவிடும். இங்கே அப்படிப் பழி விழுந்தது பிரிஸ்டில் புழுக்கள் (உடம்பின் ஓரமெங்கும் முள்மயிர் உள்ள கடல் புழுக்கள்) மேல். உண்மையில் அந்தத் தொட்டியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பிரச்சினைகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றிலும் புழுக்களுக்குப் பங்கில்லை. காயத்தை முதலில் படித்து, அந்தக் காயத்தை உண்டாக்கக்கூடிய உயிரியை அப்புறம் தேடுவதுதான் சரியான வரிசை என்று நான் நம்புகிறேன். அந்த வரிசையில் என்னென்ன செய்தோம் என்பதே இந்தக் குறிப்பு.

தொட்டியும் புகாரும்

காட்சித் தொட்டி 300 லிட்டர். அடியில் 80 லிட்டர் சம்ப் (தண்ணீரைச் சுத்தப்படுத்தும் துணைத் தொட்டி), அதில் ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி). முழுக்க உலர்பாறையில் கட்டிய தொட்டி. ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. உலர்பாறையில் உயிர் எதுவும் இருக்காது என்பதால் வேண்டாதது எதுவும் வராது. அதே காரணத்தால் பாறை முதிர்வதற்கும் சிறு ஓட்டுயிர்கள் குடியேறுவதற்கும் நெடுநாள் ஆகும். நண்பருக்கு அந்த உயிர்ப்பன்மைதான் வேண்டியிருந்தது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறையும் காற்றுக்குமிழியும் போதும், கடல் தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியதிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு அந்தப் பாறையைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

கலைக்கப்பட்ட ஒரு பழைய தொட்டியிலிருந்து சுமார் 8 கிலோ லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியேறிய பாறை, வந்தது. கூடவே ஜோவாந்திட் (பூப்போன்ற சின்னச் சின்ன பாலிப்கள், அதாவது வாயும் இழைகளும் கொண்ட மெல்லுடல்கள், கூட்டமாக வளரும் உயிரி) படர்ந்த ஒரு பாறைக் கட்டை, ஒரு போசிலோபோரா பவளம், இன்னும் சில சிறு ஃபிராக்குகள் (வெட்டி எடுத்த பவளத் துண்டுகள்). ஃபிராக்குகள் மட்டும் டிப்பில் (ஒட்டி வரும் உயிரிகளை உதிர்க்கும் மருந்துக் கரைசலில்) முக்கப்பட்டன. பாறையும் ஜோவாந்திட் கட்டையும் நேராகத் தொட்டிக்குள் போயின.

சில வாரங்கள் கழித்து அவர் என்னை அழைத்தபோது சொன்ன புகார்கள் இவை. டர்போ நத்தைகளும் டிரோகஸ் நத்தைகளும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ஜோவாந்திட்கள் ஒரு ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்து, மூடியவை சுருங்கி மறைந்தன. பாறையெங்கும் கண்ணாடி மாதிரி பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன அனிமோன்கள் முளைத்தன. ஒரு கோபி மீனைக் காணவில்லை. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் செத்த நத்தையின் ஓட்டுக்குள் இளஞ்சிவப்பு பிரிஸ்டில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

தண்ணீரை முதலில் சோதித்தோம். அடர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி, காரத்தன்மை 8.5 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம், நைட்ரேட் 10 பிபிஎம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. எல்லாம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தன. மற்ற பவளங்கள் நன்றாக விரிந்திருந்தன. தண்ணீரின் கோளாறு என்றால் ஜோவாந்திட்கள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வாடியிருக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து வருகிறது என்றால் அது யாரோ தின்கிற கதை.

வேகவைக்கும் யோசனை

நண்பர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பாறையை மொத்தமா எடுத்து ஒரு பெரிய பாத்திரத்துல போட்டு வேகவச்சுடலாம்னு இருக்கேன். புழு, முட்டை எல்லாம் ஒழிஞ்சிடும் இல்லீங்களா?" என்றார்.

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். ஜோவாந்திட்டோ அதன் உறவான பாலிதோவாவோ இருந்த பாறையை எந்த நிலையிலும் வேகவைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது. இவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாயில் கிடைத்த ஒரு பாலிதோவாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்த விவரம் 1971-இல் வெளியானது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. வேகவைக்கும்போது ஆவியோடும் நுண்துளிகளோடும் மூச்சுக்குள் போகும். காய்ச்சல், மூச்சுத்திணறல், தசைவலி, வாயில் விசித்திரமான கசப்பு என்று ஆரம்பிக்கும். 2018-இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில், மீன்தொட்டியிலிருந்து எடுத்த பவளத்தைச் சுத்தம் செய்த வீட்டில் ஒரு குடும்பம் முழுவதும், உதவிக்கு வந்த அவசரப் பணியாளர்களோடு சேர்த்து, மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. எல்லா ஜோவாந்திட்டிலும் இந்த நஞ்சு இருப்பதில்லை. எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றையும் இருப்பதாகவே வைத்துக் கையாள வேண்டும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

பாறை தொட்டியிலேயே இருக்கட்டும், எதையும் கொல்லாமல் முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

ஓடுகள்

செத்த நத்தைகளின் ஓடுகளை நண்பர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். இதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதோடு பாதித் தடயமும் போய்விடும்.

நத்தை தானாகச் செத்தால் ஓடு முழுதாக இருக்கும். பசியாலோ உப்பளவு திடீரென்று மாறியதாலோ கவிழ்ந்து நிமிர முடியாமலோ செத்ததை மற்றவை தின்று தீர்த்திருக்கும், அவ்வளவுதான். துளைபோடும் வேட்டை நத்தை தாக்கியிருந்தால் ஓட்டில் வட்டமான சின்னத் துளை ஒன்று, ஓரம் வழவழப்பாக இருக்கும். நண்டு என்றால் ஓட்டின் வாய்விளிம்பிலிருந்து துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டே சுருளின் உள்பக்கம் போகும்; ஒடிந்த தடம் விளிம்பை ஒட்டியே தொடர்ச்சியாக இருக்கும். பிரிஸ்டில் புழுவால் நத்தை ஓட்டை உடைக்க முடியாது. அதற்கான உறுப்பே அதற்குக் கிடையாது.

டப்பாவில் இருந்த ஓடுகளில் சில முழுதாக இருந்தன. அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மீதி எல்லாம் ஒரே மாதிரி அடிபட்டிருந்தன: சுருளின் பக்கவாட்டில் ஒழுங்கற்ற ஓட்டை, அதைச் சுற்றி விரிசல்கள், ஓரத்தில் சுண்ணாம்புப் பொடி. விளிம்பிலிருந்து ஒடித்த தடம் இல்லை. ஒரே இடத்தில் பலமாக, திரும்பத் திரும்ப அடித்திருக்கிறது. ஒரு ஹெர்மிட் நண்டு குடியிருந்த ஓடும் அதே கதிதான்.

இப்படி அடிக்கக்கூடியது தொட்டியில் ஒன்றே ஒன்றுதான்: அடித்து உடைக்கும் வகை மான்டிஸ் இறால். ஈட்டி போலக் குத்தும் வகை ஒன்றும் உண்டு. அது மணலில் வளை தோண்டி மீனையும் இறாலையும் பிடிக்கும், ஓட்டை உடைக்காது. அடிக்கும் வகைதான் பாறைத் துளைகளில் குடியிருந்து லைவ் ராக்கோடு பயணம் செய்யும். 2004-இல் ஷீலா பேடெக்கும் சகாக்களும் மயில் மான்டிஸின் அடியை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை போவதைக் காட்டினார்கள். அந்த வேகத்தில் தண்ணீரில் வெற்றுக்குமிழி உருவாகி உடையும். அதன் அதிர்ச்சி இரண்டாவது அடியாக விழும். நம் தொட்டியில் இருந்தது மயில் மான்டிஸ் அளவுக்குப் பெரியதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஒரு டிரோகஸ் ஓட்டுக்குச் சின்ன இறாலே போதும்.

சத்தம்

"டக், டக்னு ஒரு சத்தம் கேக்குமே, கவனிச்சீங்களா?" என்று கேட்டேன். ஹீட்டர் சத்தம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பிஸ்டல் இறாலும் சொடுக்கும். அதன் பெரிய இடுக்கி மூடும்போது பீறிடும் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது நசுங்கும்போதுதான் அந்தச் சத்தம் வருகிறது என்று 2000-இல் நிரூபித்தார்கள். பிஸ்டல் இறால் பெரும்பாலும் தொந்தரவு இல்லாதது. சில இனங்கள் கோபி மீனோடு ஒரே வளையில் கூட்டுக்குடித்தனம் செய்யும். அதை மான்டிஸ் என்று நினைத்து ஒழிப்பது பெரிய அநியாயம். ஆகவே சொடுக்கும் சத்தத்தோடு உடைந்த ஓடும் சேர்ந்தால்தான் மான்டிஸை உறுதியாகச் சந்தேகிக்கலாம். இங்கே இரண்டும் இருந்தன.

நண்பர் பல இரவு சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தும் அகப்படவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பாறையில் குடியிருக்கும் அடிக்கும் வகை மான்டிஸ்கள் பெரும்பாலும் பகலில் நடமாடுபவை. இருட்டியதும் வளைக்குள் போய், வாசலைக் கற்துண்டுகளால் அடைத்துக்கொண்டு தூங்கும். இரவு வேட்டையை மட்டுமே நம்பினால் நண்டும் புழுவும்தான் கண்ணில் படும். அவற்றின் மேல்தான் பழி விழும். தவிர, சிவப்பு விளக்கை மற்ற இரவு உயிரிகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, ஆனால் மான்டிஸின் கண்ணில் நிறம் அறியும் உணர்விகள் மட்டும் 12 வகை. அதை அந்த விளக்கால் ஏமாற்ற முடியாது.

நேரத்தை மாற்றினோம். விளக்கு எரியத் தொடங்கும் காலை வேளையிலும் அணையும் முன்பும், தொட்டியிலிருந்து தள்ளி உட்கார்ந்து, அசையாமல். ஒரு இறால் துண்டைக் குச்சி நுனியில் குத்தி, சந்தேகப்பட்ட பாறைகளின் முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டினோம். மூன்றாவது பாறையின் கீழ்ப்பக்கத் துளையில் இரண்டு கண்கள் தனித்தனியாகச் சுழன்றன. துளைக்கு முன்னால் நத்தை ஓட்டுச் சில்லுகளும் கற்துண்டுகளும் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

வெளியே எடுத்தது

எந்தப் பாறை என்று தெரிந்துவிட்டால் வேலை எளிது. தெரியாமல் பாறை அடுக்கைக் கலைத்தால்தான் பவளங்கள் அடிபடும், மணல் கிளறிக் கழிவு மேலே வரும்.

அந்த ஒரு பாறையை மட்டும் இரவில், வாசல் அடைத்திருக்கும் நேரத்தில், மெதுவாகத் தூக்கினோம். தூக்கும்போது மிரண்டு வேறு துளை வழியாகத் தப்பிவிடக் கூடாது என்பதால் தண்ணீருக்குள்ளேயே பாறைக்கு அடியில் ஒரு டப்பாவைப் பிடித்து, டப்பாவோடு வெளியே எடுத்தோம். பிறகு தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மேல் பாறையைப் பிடித்துக்கொண்டு, அதே வெப்பநிலையில் இருந்த ஆர்ஓ நன்னீரைச் சிரிஞ்சால் துளைக்குள் செலுத்தினோம். உப்பில்லாத தண்ணீரைக் கடல் ஓட்டுயிரால் தாங்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அது துள்ளி வாளிக்குள் விழுந்தது. பாறையை முழுசாக நன்னீரில் ஊறவைக்கத் தேவை இருக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் உள்ளே இருந்த நல்ல உயிர்கள் அத்தனையும் செத்திருக்கும், அவை அழுகி அம்மோனியா ஏறியிருக்கும்.

சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், கரும்பச்சை. கோனோடாக்டிலிட் குடும்பத்து மான்டிஸ். விரலால் தொடவே கூடாது. சின்னதாக இருந்தாலும் தோலைக் கிழிக்கும். அழகான உயிரி, புத்தியும் அதிகம். தன் இயல்புப்படி சாப்பிட்டதற்காக அதைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை, நண்பருக்கும் வரவில்லை. 20 லிட்டர் தொட்டி ஒன்றில் சிறு ஃபில்டர், கொஞ்சம் உலர்பாறை, வளைக்குப் பதிலாக ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இறுக்கமான மூடி. இவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது. சம்ப்பில் விடலாமே என்று அவர் கேட்டார். சம்ப்பிலிருந்து பம்பு வழியாகவோ, நாமே எதையாவது இடம் மாற்றும்போதோ மறுபடி மேலே வர வாய்ப்பு உண்டு என்பதால் தனித் தொட்டியையே தேர்ந்தெடுத்தோம்.

அதற்குப் பிறகு புதிதாக விட்ட நத்தைகள் உடையவில்லை. இரண்டாவது மான்டிஸ் இல்லை என்று நம்ப இதுவே வலுவான காரணம். காணாமல் போன கோபியின் கணக்கை மான்டிஸின் மேல் எழுத நான் தயாரில்லை. தொட்டிக்கு அப்போது மூடி இல்லை, கோபி குதிக்கும் மீன். இந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது.

ஜோவாந்திட்கள்

நத்தைப் பிரச்சினை முடிந்த பிறகும் ஜோவாந்திட் குறைந்துகொண்டே போனது. இரண்டும் ஒரே குற்றவாளியின் வேலை என்று நினைத்திருந்தால் இங்கே குழம்பியிருப்போம்.

ஜோவாந்திட்டைத் தின்பவை பல. சன்டயல் நத்தை அடியில் ஒளிந்திருக்கும். கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தட்டையான சுருள் ஓடு, பார்த்தால் மறக்காது. கடல் சிலந்தி பாலிப் இடுக்கில் இருக்கும். ரோமமும் கரிய இடுக்கி நுனியும் கொண்ட கொரில்லா நண்டுகள் இரவில் பிய்க்கும். ஆஸ்டெரினா என்ற குட்டி நட்சத்திர மீன்கள் பல தொட்டிகளில் பாசியைத் தின்று சும்மா இருக்கும், சிலவற்றில் ஜோவாந்திட்டின் மேல் உட்கார்ந்து அரிக்கும். நண்பர் ஆஸ்டெரினாவைத்தான் காட்டினார், ஏனென்றால் அது கண்ணாடியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மூடிய பாலிப்களின் மேல் அதை நாங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருப்பது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது.

கட்டையை வெளியே எடுத்து, வெள்ளைத் தட்டில் தொட்டித் தண்ணீர் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அயோடின் டிப்பில், புட்டியில் போட்டிருந்த அளவுக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டு, கட்டையை முக்கி, தண்ணீர் பீய்ச்சும் குழலால் பாலிப்களுக்கு நடுவே ஊதினோம். அப்போது விழுந்தன: ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நியூடிபிராங்க்குகள், அதாவது ஓடில்லாத கடல் நத்தைகள். முதுகில் நிற்கும் நீட்சிகள் ஜோவாந்திட்டின் இழைகளைப் போலவே இருந்தன. தின்ற பாலிப்பின் பாசிகளையும் நிறத்தையும் உடம்பிலேயே வைத்துக்கொள்வதால், பச்சை ஜோவாந்திட்டைத் தின்றது பச்சையாகவும் பழுப்பைத் தின்றது பழுப்பாகவும் இருந்தன. நீல விளக்கில் பார்த்தால் பாலிப்போடு சேர்ந்து ஒளிரவும் செய்தன. உருப்பெருக்கியில் தப்பியதற்கு இதுதான் காரணம்.

விழுந்ததை அள்ளிக் கொட்டிவிட்டு 'முடிந்தது' என்று திருப்பி வைப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள். டிப் முட்டையை ஒன்றும் செய்யாது. கட்டையைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கத்திலும் பாலிப்களின் காம்புக்கு நடுவிலும் வெள்ளையான சுருள் முட்டைகள் இருந்தன. கையுறையோடு, தண்ணீருக்குள்ளேயே வைத்து, மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்தோம். எட்டாத இடத்தில் இருந்தவற்றை, அந்தப் பாலிப்களோடு சேர்த்து வெட்டிக் களைந்தோம். பவளத்தை இழக்க மனசு வராதுதான். முட்டையைக் காப்பாற்றும் பாலிப்பை வைத்திருந்தால் முழுக் கூட்டமும் போகும்.

மீதி ஜோவாந்திட்களைப் புதிய பிளக்குகளில் (பவளத்தை ஒட்டும் சிறு அடித்தாங்கிகளில்) ஒட்டி, வேறு பவளம் இல்லாத தனிப் பெட்டிக்கு மாற்றினோம். வாரத்துக்கு ஒருமுறை டிப், ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தட்டில் சோதனை. டிப்பில் தப்பிய முட்டை பொரித்து வளர்ந்து, அடுத்த முட்டை இடுவதற்குள் பிடிப்பதுதான் இதன் கணக்கு. அடுத்தடுத்த சோதனைகளில் தட்டு காலியாக இருந்த பிறகுதான் திரும்பத் தொட்டிக்குப் போயின. கூட்டத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகவே பிழைத்தது. பிழைத்தவை இப்போது புதிய பாலிப் விடுகின்றன.

பெரிய தொட்டிக்குள் தங்கிப்போன நியூடிபிராங்க்குகள்? ஜோவாந்திட் வேறெங்கும் இல்லாததால் அவற்றுக்கு உணவு கிடையாது. ஒரே இரையை நம்பி வாழும் உயிரியைப் பட்டினி போடுவதைவிட நல்ல மருந்து இல்லை. ஆறு கோட்டு ராஸ் மீன் ஒன்றை விடலாம் என்று நண்பர் கேட்டார். அது நியூடிபிராங்க்கைப் பொறுக்கித் தின்னும், உண்மைதான். அடுத்த பிரச்சினைக்கு எனக்கு வேறொரு நியூடிபிராங்க் தேவைப்பட்டது, அதனால் வேண்டாம் என்றேன்.

ஏப்டேசியா

கண்ணாடி அனிமோன்கள் ஏப்டேசியாதான். அதில் சந்தேகம் இருக்கவில்லை. நீண்ட மெல்லிய இழைகள், ஒளி ஊடுருவும் பழுப்பு உடம்பு, நிழல் பட்டதும் துளைக்குள் சட்டென்று சுருங்குதல். பக்கத்துப் பவளங்களைக் கொட்டும். நண்பர் சிலவற்றை இடுக்கியால் பிய்த்திருந்தார். அந்த இடத்தைச் சுற்றித்தான் அடர்த்தி அதிகமாக இருந்தது. பாதத்தின் ஒரு துணுக்கு பாறையில் ஒட்டியிருந்தால் போதும், அது புது அனிமோனாக வளரும். பிய்ப்பதும் சுரண்டுவதும் பயிர் செய்வதற்குச் சமம்.

ஏழெட்டு மட்டும் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அனிமோனின் வாயில் விடலாம். பவளத்தின் மேல் சிந்தக் கூடாது. ஒரே நாளில் நிறையச் செய்தால் தண்ணீரின் பிஎச் ஏறிவிடும். இங்கே இருந்ததோ அதைவிட மிக அதிகம், பாதி பாறையின் பின்பக்கத்தில்.

பெப்பர்மின்ட் இறால் பலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இறாலும் தின்னும் என்ற உறுதி இல்லை. ஒட்டக இறாலை அதே பெயரில் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. முதுகு கூன் விழுந்து, வெள்ளைக் கோடுகளோடு இருக்கும் அது பாலிப்களையே தின்னத் தொடங்கிவிடும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் தின்னும், ஆனால் 300 லிட்டர் அதற்குச் சின்ன வீடு, சாப்பாட்டிலும் பிடிவாதக்காரர். ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதற்காக ஒரு மீனைக் கஷ்டத்தில் கொண்டுவந்து வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

பெர்கியா என்ற நியூடிபிராங்க் ஏப்டேசியாவை மட்டுமே தின்னும். வேறெதையும் தொடாது. ராஸ் மீன் இல்லை, பெப்பர்மின்ட் இறால் இல்லை, மான்டிஸும் போய்விட்டது. அதனால் இந்தத் தொட்டி பெர்கியாவுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இந்த வரிசை முக்கியம். மான்டிஸ் இருக்கும்போதே பெர்கியாவை விட்டிருந்தாலோ, ஜோவாந்திட்டுக்காக ராஸை விட்டிருந்தாலோ, ஒரு மருந்து இன்னொரு மருந்தைத் தின்றிருக்கும்.

விளக்கு அணைந்த பிறகு, பம்பை நிறுத்தி, ஏப்டேசியா அடர்ந்த இடத்துக்கு அருகிலேயே பிப்பெட்டால் விட்டோம். அதன் பிறகு நெடுநாள் எதுவுமே நடக்காதது போல இருந்தது. பெர்கியா அப்படித்தான், இரவில் தின்னும், பாறைக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். எண்ணிக்கை சேர்ந்த பிறகுதான் விளைவு வெளியே தெரியும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இடையில் பொறுமை இழந்து கால்சியம் ஹைட்ராக்சைடு குத்தினால் பெர்கியாவின் சாப்பாட்டைத்தான் கெடுப்போம். முதலில் சின்ன அனிமோன்கள் மறைந்தன, அப்புறம் பெரியவை.

பழி சுமந்தவையும் காவல்காரரும்

பிரிஸ்டில் புழுக்களுக்கு வருவோம். நத்தை ஓட்டுக்குள் அவை இருந்தது உண்மை. செத்ததைத் தின்ன வந்தவை. அவை இல்லாவிட்டால் பாறைக்குள் சாகும் ஒவ்வொரு நத்தையும் அழுகித் தண்ணீரைக் கெடுத்திருக்கும். அளவுக்கு மீறிப் பெருகினால் அது நாம் அதிகம் உணவு போடுகிறோம் என்பதற்கு அடையாளம். உணவைக் குறைத்தால் எண்ணிக்கையும் குறையும். பவளத்தைத் தின்னும் நெருப்புப் புழு வேறு. தலைமேல் மடிப்பு மடிப்பான தசை எடுப்பாகத் தெரியும், பக்கவாட்டில் தடித்த வெள்ளை மயிர்க்கற்றைகள். அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல்களில் வாழ்வது. நம் தொட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. எந்த பிரிஸ்டில் புழுவையும் வெறுங்கையால் தொட வேண்டாம். முள் ஏறினால் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து எடுத்து நீக்க வேண்டும்.

பாறைக்குள் ஒளிந்து வேட்டையாடும் பாபிட் புழுவாக இருக்குமோ என்ற பயமும் நண்பருக்கு இருந்தது. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீயில் ஒரு பொதுக் காட்சித் தொட்டியில் மீன்கள் காயப்படுவதும் பவளம் துண்டாவதுமாக இருந்து, கடைசியில் பாறைகளைப் பிரித்தபோது நாலடி நீளப் புழு வெளியே வந்தது. ஆகவே பயம் ஆதாரமில்லாதது அல்ல. தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வானவில் மினுக்கமும் இருந்தால் அந்தக் குடும்பம் என்று சந்தேகிக்கலாம். இங்கே எந்தப் புழுவிலும் அவை இல்லை, துண்டான பவளமும் இல்லை. காயம் பொருந்தாதபோது உயிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

போசிலோபோராவின் கிளைகளுக்கு நடுவே ஒரு சின்ன, வழவழப்பான நண்டு இருந்தது. நண்பர் அதைப் பிடித்து எடுத்துவிட ஒரு இடுக்கியைத் தயாராக வைத்திருந்தார். அது டிரபீசியா. பவளத்தின் மீதே வாழ்ந்து, அதன் சளியைச் சாப்பிட்டு, பதிலுக்குப் பவளம் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும் காவல் நண்டு. பசிபிக் கடலின் மூரியா தீவில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நண்டுகளை எடுத்துவிட்ட பவளங்களில் வண்டல் படிந்து பல ஒரு மாதத்துக்குள் செத்தன. நண்டு இருந்தவை பிழைத்தன. இந்தத் தொட்டியில் எனக்கு மிகவும் பிடித்த உயிர் அதுதான். இடுக்கி திரும்ப டப்பாவுக்குப் போனது.

ஸ்டொமடெல்லா நத்தைகள், குட்டி பிரிட்டில் ஸ்டார்கள், ஆம்ஃபிபாட், கோபிபாட் என்ற குட்டி ஓட்டுயிர்கள் எல்லாம் அந்த லைவ் ராக்கோடுதான் வந்தன. நண்பர் ஆசைப்பட்ட பன்மை இதுவே. பாறையை வேகவைத்திருந்தால் இவற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இப்போது

தொட்டிக்கு மூடி போட்டாயிற்று. வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் மீன் இல்லாத 40 லிட்டர் தனித் தொட்டிக்குப் போகிறது. பவளத்தைப் பழைய பிளக்கிலிருந்து பிரித்து, பிளக்கை வெளியே போட்டுவிடுகிறார், ஏனென்றால் முட்டையும் ஏப்டேசியாவும் பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும். டிப், வெள்ளைத் தட்டு, மறு டிப். அங்கேயே 76 நாள் வைத்திருக்கிறார். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியின் கூடு பாறையிலும் பவளத்தின் அடியிலும் ஒட்டி வரும். மீன் கிடைக்காமல் அது அற்றுப்போகப் பரவலாகப் பின்பற்றும் கால அளவு அது.

பெர்கியாக்களுக்கு இரை தீர்ந்துகொண்டு வந்ததால், கையில் அகப்பட்டவற்றைப் பிடித்து, ஏப்டேசியாவால் அவதிப்படும் வேறொரு தொட்டிக்குக் கொடுத்துவிட்டோம். தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து போகும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மட்டும் இன்னும் இரண்டு மூன்று ஏப்டேசியா இருக்கின்றன; வேகமான நீரோட்டத்தைத் தாண்டி பெர்கியா அங்கே போவதில்லை. அடுத்த பராமரிப்பின்போது அந்தப் பெட்டியை வடித்துவிட்டு, தண்ணீர் இல்லாத நிலையில் ஒவ்வொன்றின் மேலும் கால்சியம் ஹைட்ராக்சைடு குழம்பைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தெடுக்கப் போகிறோம்.